நெகிழுடலும் நடையழகும்: நம்பெருமாள் நிலைப்படங்களின் இயங்குவடிவங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒளிப்படம், நாட்காட்டி ஓவியம் முதலிய நிலைப்படங்களைக் கணினியில் பகுத்து, நெகிழுடல் இயற்பியலின்வழி அசையச் செய்யும் முறை இன்று சிறிய ஒளிப்பட நிலையங்கள் வரை பரவியுள்ளது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டித் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பகிரப்படும் நம்பெருமாள் படங்களின் இயங்குவடிவங்களையும், நினைவஞ்சலிக் காணொளி ஒன்றையும் முன்வைத்து இம்முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. படத்தில் எது அசையாதிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்காமல் விடுவதே இவ்வடிவங்களின் அடிப்படைக் குறை என்றும், அத்தீர்மானத்துக்குரிய முன்மாதிரி திருவரங்கத் திருவுலாவின் நடைமரபிலேயே உள்ளது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நெகிழுடல், இயங்கு வரைகலை, நிலைப்படம், நம்பெருமாள், கதி, அறிதுயில், மெய்ப்பாடு

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் அமைந்தது காட்டூர். பிற புறநகர்களைப் போலவே இங்கும் சிறிய ஒளிப்பட நிலையங்கள் இயங்குகின்றன. திருமண ஆல்பம், கடவுச்சீட்டுப் படம், கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஆகியன அவற்றின் வழக்கமான பணிகள். அண்மைக் காலத்தில் இவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்துள்ளது. ஒரு படத்தைக் கொடுத்தால் அதை அரை நிமிடம் அசைய வைத்து, பின்னணி இசை சேர்த்துத் தருகின்றனர்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது இத்தகைய காணொளிகள் வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்தோடு வந்து சேர்கின்றன. நம்பெருமாளின் மாலை ஆடுகிறது. குடையின் விளிம்பு அலைகிறது. சிலவற்றில் திருமேனியே நெளிகிறது. இக்கட்டுரையாளருக்கு வந்த ஒரு காணொளியில் திருவரங்கத்து இராஜகோபுரமும் மெல்ல வளைந்து நிமிர்ந்தது. 236 அடி உயரமும் பதின்மூன்று நிலைகளும் கொண்ட கோபுரம் தென்னங்கீற்றைப் போல் ஆடுவதைக் கண்டு வீட்டிலிருந்தோர் சிரித்துவிட்டனர். அனைவரும் பக்தியுடையோர், கேலி செய்யும் நோக்கம் ஒருவருக்கும் இல்லை. அவ்வாறாயின் அச்சிரிப்பு எங்கிருந்து வந்தது என்ற வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

இயங்கு வரைகலை குறித்துத் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை மென்பொருளைக் கையாளும் வழியைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. விளைந்த படைப்பு நன்று, தீது எனச் சொல்வதற்குரிய அளவுகோல்கள் போதிய அளவில் உருவாகவில்லை. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் காணும் ஒரு கலைவடிவம் திறனாய்வின் எல்லைக்கு வெளியே கிடப்பது நம் துறைக்குப் பெருமை தருவதன்று.

நெகிழுடல் இயங்கும் முறை

கணினி வரைகலையில் பொருள்கள் திண்மவுடல், நெகிழுடல் என இருவகையாகக் கையாளப்படுகின்றன. எத்திசையில் நகர்ந்தாலும், எவ்வாறு சுழன்றாலும் தன் புள்ளிகளுக்கிடையிலான தொலைவு மாறாதது திண்மவுடல். விசைக்கு இணங்கி வடிவம் மாறி, விசை நீங்கியபின் பழைய வடிவுக்கு மீள முயல்வது நெகிழுடல். ஆங்கிலத்தில் சாஃப்ட் பாடி எனப்படும் இதன் கோட்பாட்டு அடித்தளத்தை டெமெட்ரி டெர்சோபூலஸ், ஜான் பிளாட், ஆலன் பார், கர்ட் ஃபிளெய்ஷர் ஆகியோர் 1987 ஆம் ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுரை அமைத்தது. இராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்ததும் அதே 1987 ஆம் ஆண்டில்தான். இது வெறும் தற்செயல். எனினும் ஆடும் கோபுரத்தைப் பார்த்தபின் இதை நினையாதிருக்க இயலவில்லை.

நிலைப்படம் ஒன்றுக்கு இம்முறையைப் பயன்படுத்துவோர் முதலில் படத்தைத் துண்டுகளாக வெட்டுவர். மாலை ஓர் அடுக்கு, முகம் ஓர் அடுக்கு, பின்புலம் ஓர் அடுக்கு. மாலையை எடுத்த இடத்தில் தோன்றும் வெற்றிடத்தை வண்ணத்தால் நிரப்புவர். பின்னர் ஒவ்வோர் அடுக்கின்மீதும் நுண்ணிய முக்கோணங்களாலான வலை ஒன்று விரிக்கப்படும். வலையின் முடிச்சுகளுக்கு நிறையும், முடிச்சுகளை இணைக்கும் கோடுகளுக்குச் சுருள்வில்லின் தன்மையும் தரப்படும். எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு மீட்சிவிசை என்ற ஹூக்கின் விதியே இங்கும் ஆள்கிறது. அசையக்கூடாத முடிச்சுகளை ஊசி குத்தியதுபோல் நிலைநிறுத்திவிட்டு, புவியீர்ப்பையும் காற்றையும் ஏற்றினால், நொடிக்கு 24 அல்லது 30 சட்டகங்கள் என்ற கணக்கில் வலை நகரத் தொடங்கும். வலையின்மேல் ஒட்டப்பட்ட படமும் உடன் நகரும்.

இவற்றுள் விளைவைப் பெரிதும் தீர்மானிக்கும் எண்கள் இரண்டு. ஒன்று விறைப்பு, மற்றொன்று தணிப்பு. விறைப்பு மிகுந்தால் பொருள் விரைந்து மீளும். தணிப்பு குறைந்தால் மீண்டபின்னும் நடுங்கிக்கொண்டே இருக்கும். பட்டும் பூவும் பொன்னும் தசையும் கல்லும் இவ்விரண்டு எண்களால்தான் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

ஒளிப்படத்தில் நிறமும் ஒளியும் உண்டு. நிறை இல்லை, தடிமன் இல்லை, முதுகு இல்லை. சுவரில் தொங்கும் படத்திலுள்ள மாலை சாமந்தியா, துளசியா, தங்கக் காசுகளா என்பதைக் கண் அறியும், மென்பொருள் அறியாது. ஆகவே இயக்குபவர் இடும் ஒவ்வோர் எண்ணும் படத்தைப் பற்றிய ஒரு பொருள்கோள் ஆகிறது. எண்ணை மாற்றாமல் விட்டுவிடுவதும் ஒரு பொருள்கோளே. மென்பொருள் தானே வைத்திருக்கும் தொடக்க அளவுகள் பெரும்பாலும் ஒரு கூழ்ப்பொருளின் தன்மையைத் தருவன. அவற்றை அப்படியே ஏற்பவர் படத்திலுள்ள அனைத்தும் கூழால் ஆனவை என்று தம்மை அறியாமலே உரை எழுதிவிடுகிறார்.

இதற்கு நேரெதிரான திசையில் தொடங்கிய முறையும் உண்டு. தாக்கியோ இகராஷியும் அவருடன் பணியாற்றியோரும் 2005 இல் வெளியிட்ட முறை, தட்டையான ஓர் உருவத்தை வளைக்கும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் இயன்றவரை விறைப்பாகவே இருக்க வேண்டும் என்பதை நெறியாகக் கொண்டது. கையை இழுத்தால் கை திரும்ப வேண்டும், மாவைப்போல் நீளக்கூடாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் 2007 முதல் இடம்பெற்ற ஊசி குத்தும் கருவிக்குப் பாவை என்று பொருள்படும் பப்பெட் என்றே பெயரிட்டனர். அப்பெயர் தமிழ் ஆய்வாளருக்குத் தோற்பாவைக்கூத்தை நினைவூட்டாமல் போகாது. தோற்பாவையும் தட்டைப் படமே. ஆயினும் அதைச் செய்பவர் எங்கே துண்டாக்கி நூலால் இணைப்பது, எங்கே ஒரே தோலாக விடுவது என்பதை வெட்டும்போதே முடிவு செய்துவிடுகிறார். திரைக்குப் பின்னால் கோல் அசையும்போது மூட்டு உள்ள இடம் மட்டுமே திரும்பும். அக்கலைஞரின் கத்தி செய்த முடிவைக் கணினியில் ஊசிகளும் எண்களும் செய்ய வேண்டியுள்ளது.

ஊசல் தரும் சான்று

கோபுரம் ஆடியபோது எழுந்த சிரிப்புக்கு இயற்பியல் ஒரு விளக்கம் தருகிறது. தொங்கும் பொருள் ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம் அதன் நீளத்தின் இருபடி மூலத்தைப் பொறுத்தது. 5 சென்டிமீட்டர் நீளமுள்ள காதணி ஓர் ஆட்டத்தை ஏறத்தாழ 0.45 நொடியில் முடிக்கும். 80 சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கும் பொருளுக்கு ஏறத்தாழ 1.8 நொடி வேண்டும். நீளம் பதினாறு மடங்கு. நேரம் நான்கு மடங்கு. மாலை தனி ஊசலைப் போல் அவ்வளவு எளியதன்று என்பது உண்மைதான். எனினும் சிறியது விரைந்தும் பெரியது தாழ்ந்தும் ஆடும் என்பதைத் தொட்டிலையும் தேர்வடத்தையும் பார்த்து வளர்ந்த கண் கணக்கின்றியே அறிந்திருக்கிறது.

ஆய்வுக்குக் கொண்ட காணொளிகளில் தொங்கட்டானும் மாலையும் குடைக்குஞ்சமும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. எல்லா அடுக்குகளுக்கும் ஒரே அளவு இடப்பட்டுள்ளமையே காரணம். இதன் விளைவு வெறும் செயற்கைத்தன்மையோடு நிற்பதில்லை. பெரிய பொருள் விரைந்து ஆடினால் அது சிறிதாகத் தோன்றும். ஆள் உயர மாலை காதணியின் வேகத்தில் ஆடும்போது பெருமாள் கைக்கு அடக்கமான பொம்மையாகிறார். கோபுரம் கொலுப்படியில் வைத்த அட்டைக் கோபுரமாகிறது. பெருமையைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட காணொளி, பெருமைக்குரியதைச் சுருக்கிவிடுகிறது. வீட்டிலிருந்தோரின் சிரிப்பு அந்தச் சுருக்கத்துக்கு எழுந்த சிரிப்பு.

அங்கியும் ஆடையும்

அத்யயன உற்சவத்தில் பகல்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருள்வார். மறுநாள் வைகுண்ட ஏகாதசியன்று ரத்னாங்கியும் பாண்டியன் கொண்டையும் அணிந்து பரமபதவாசலைக் கடப்பார். அடுத்தடுத்த இரு நாள்களில் ஒரே திருமேனி இருவேறு பொருள்களால் போர்த்தப்படுகிறது. முதல் நாளில் பட்டின் மடிப்பு. இரண்டாம் நாளில் மணிகள் இழைத்த கவசம். முன்னது துவள்வது, பின்னது துவளாதது. அலங்காரத்தின் சுவை வேறுபாடே இதில்தான் அடங்கியுள்ளது. ஒருநாள் முழுதும் மென்மையைக் கண்ட பின்னரே மறுநாளைய ஒளிமிகுந்த உறுதி உறைக்கிறது.

இயங்குவடிவங்களில் ரத்னாங்கி பட்டைப் போல அலைகிறது. கற்கள் பதித்த பரப்பு நெளியும்போது ஒவ்வொரு கல்லும் நீண்டு குறுகுகிறது. கல் நீளாது என்பது குழந்தைக்கும் தெரியும். நிலைப்படத்தை எடுத்த ஒளிப்படக்கலைஞர் அந்தக் கற்களில் ஒளி தெறிக்கும் கோணத்துக்காகக் காத்திருந்திருப்பார். அவரது உழைப்பை மூன்று நொடி நெளிவு அழித்துவிடுகிறது. இதே வலையை மோகினி அலங்காரப் படத்தில் விரித்திருந்தால் ஓரளவேனும் பொருந்தியிருக்கும். கருவியின்மேல் பழிபோட இடமில்லை. இரு நாள்களுக்கும் ஒரே எண்ணை இட்டதே பிழை.

கதி: தோளின்மேல் நிகழும் இயக்கம்

நிலைத்த உருவத்தை இயங்கச் செய்யும் கலை திருவரங்கத்துக்குப் புதிதன்று. உற்சவத் திருமேனி உலோகத்தால் ஆனது. அது வளைவதில்லை, திரும்புவதில்லை, கண் இமைப்பதில்லை. ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள்களே அதற்கு நடை தருகின்றன. புறப்பாட்டில் சிம்மகதி, சர்ப்பகதி, ஒய்யார நடை எனப் பலவகை நடைகள் வழக்கில் உள்ளன. குகையை விட்டு வெளிவரும் சிங்கத்தைப் போன்றது சிம்மகதி என்றும், புற்றுக்குள் நுழையும் பாம்பைப் போன்றது சர்ப்பகதி என்றும் விளக்கம் தருவர்.

இயங்கு வரைகலையின் மொழியில் சொன்னால் இங்கே மையம் திண்மவுடல். சுற்றிலும் உள்ளவை நெகிழுடல்கள். தோள்கள் விரைந்து முன்சென்று சட்டென நிற்கும்போது திருமேனியும் உடன் நிற்கிறது. மாலை நிற்பதில்லை, ஒரு கணம் முன்னே சென்று திரும்புகிறது. குடைக்குஞ்சங்கள் அதற்கும் பின்னர் அடங்குகின்றன. முதல் அசைவும் அதைத் தொடரும் துணையசைவும் இவ்வாறு முறைப்படி பிரிகின்றன. டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட நூலில் தொகுத்த பன்னிரண்டு அசைவூட்ட நெறிகளுள் இத்தகைய பின்தொடரும் அசைவும் ஒன்று. அந்நூலை நம் மாணவர்கள் பாடமாகப் படிக்கின்றனர், படிக்க வேண்டியதே. ஆயினும் கல்லூரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஆண்டுதோறும் நடக்கும் புறப்பாட்டை அந்நெறியின் சான்றாக எவரும் காட்டுவதில்லை என்பது வியப்புக்குரியது.

இன்னொன்றும் கருதத்தக்கது. சிங்கத்தின் நடை என்று அறிந்து பார்ப்பவர் சிங்கத்தைக் காண்பதில்லை, பெருமாளையே காண்கிறார். திருமேனி ஓர் இம்மியும் உருமாறாமல், நடையின் வேகமும் நிறுத்தமும் மட்டுமே சிங்கத்தை உணர்த்துகின்றன. உருவம் மாறியிருந்தால் அது வேடமாகியிருக்கும். நெகிழுடல் காணொளிகளோ நடையைத் தராமல் உருவத்தை மாற்றுகின்றன. தோள்களின் சுமை அவற்றில் இல்லை. சுமப்பவர் இல்லாத இடத்தில் எடை எவ்வாறு தோன்றும்? எடை தோன்றாத இடத்தில் நின்றருளும் அந்தக் கணத்துக்கும் பொருள் இல்லை.

கண்ட காணொளிகளுள் ஒன்று இவ்வகையில் வேறுபட்டிருந்தது. அதில் படம் முழுவதும் ஒரே பொருளாக மெல்ல முன்வந்து நின்றது. நின்றபின் மாலையின் கீழ்நுனி மட்டும் இருமுறை ஆடி அடங்கியது. செய்தவர் யார் என்பதற்கான குறிப்பு இல்லை. புறப்பாட்டை நேரில் கண்டவராகவே இருக்க வேண்டும் எனத் தோன்றுகிறது.

அறிதுயில்

உற்சவரின் படத்தைவிட மூலவரின் படம் கூடுதல் சிக்கலுடையது. பெரிய பெருமாள் சுதையாலான திருவுருவம். திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே உண்டு. உலாச் செல்வது உற்சவரின் இயல்பு, கிடந்தருள்வது மூலவரின் இயல்பு. இருவருக்குமிடையே உள்ள இப்பிரிவு கோயில் வழிபாட்டின் அச்சாணி.

பள்ளிகொண்ட கோலத்தை வரைந்த நாட்காட்டி ஓவியங்களை எடுத்து, மார்பு ஏறி இறங்குமாறு செய்த காணொளிகள் இன்று மிகுதி. மூச்சு என்பது நெகிழுடலுக்கு மிக எளிய பயிற்சி. மார்புப் பகுதியின் வலையை நான்கு நொடிக்கு ஒருமுறை விரித்துச் சுருக்கினால் போதும். காண்போர் நெகிழ்வதும் உண்டு; அதனை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் அக்கோலத்துக்குத் தமிழ் தந்துள்ள பெயர் அறிதுயில். துயில்வதும் அறிவதும் ஒருங்கே நிகழும் நிலை அது. மூச்சின் ஏற்ற இறக்கம் துயிலைக் காட்டுகிறது, அறிதலைக் காட்டுவதில்லை. நிலைப்படத்தில் அசையாத மார்பும் அமைதியான முகமும் சேர்ந்து இரண்டில் எது என்று சொல்ல முடியாத ஒரு நிலையில் கண்ணை நிறுத்தி வைக்கின்றன. மூச்சைச் சேர்த்தவுடன் அந்த ஐயம் தீர்ந்துவிடுகிறது. மண்டபத்து நிழலில் உறங்கும் எவரையும்போல் ஒருவர் உறங்குகிறார்.

பக்தர்கள் இவ்வளவு நுணுகிப் பார்ப்பதில்லை, அன்பினால் பகிர்கின்றனர், அதை இயற்பியலால் அளப்பது பொருந்தாது என்ற மறுப்பை இக்கட்டுரையாளர் கருத்தரங்கு ஒன்றில் எதிர்கொள்ள நேர்ந்தது. மறுப்பில் நியாயம் உண்டு. பகிர்வோரின் அன்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் ஸ்ரீபாதம் தாங்கிகளும் அன்பினாலேயே சுமக்கின்றனர்; அவர்கள் நடையைப் பயில்கின்றனர். அன்பு இருந்தால் பயிற்சி வேண்டா என்று அங்கே எவரும் சொல்வதில்லை.

தலையாட்டியாகும் முகம்

கடவுள் படங்களை விடுத்து மனிதரின் படத்துக்கு வரும்போது சிக்கல் வேறொரு முகம் கொள்கிறது. இக்கட்டுரையாளரின் பாட்டி மறைந்த முதலாண்டு நிறைவுக்கு, குடும்பத்தார் அவரது பழைய ஒளிப்படம் ஒன்றை அசையும் காணொளியாக்கப் பணித்தனர். நிலையத்தில் நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி, நேரே நோக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. வந்த காணொளியில் கழுத்தில் ஊசி குத்தப்பட்டுத் தலை இடமும் வலமும் ஆடியது. கன்னமும் சேலைக்கரையும் தாலிச்சரடும் ஒரே துடிப்பில் அசைந்தன. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் பாட்டியின் தங்கை, ‘அக்கா இப்படி எல்லாத்துக்கும் தலைய ஆட்டமாட்டா’ என்று மட்டும் சொல்லி எழுந்துபோனார்.

அவர் சொன்னதில் ஒரு முழுத் திறனாய்வு அடங்கியுள்ளது. காட்டூரிலிருந்து அதே சாலையில் கிழக்கே சென்றால் வரும் தஞ்சாவூரின் தலையாட்டிப் பொம்மை எவரும் அறிந்தது. அதன் தலையும் உடலும் தனித்தனிப் பகுதிகளாக ஊசலாடுமாறு பொருத்தப்பட்டிருக்கும். தொட்டவர் எவராயினும் ஆடும். ஆதலால்தான் தனக்கென மறுப்பு இல்லாதவரைத் தலையாட்டி என்கிறோம். பொம்மைக்கு அது அழகு. அந்த ஆட்டத்துக்காகவே அது செய்யப்பட்டது. பாட்டியின் படமோ ஆடாமல் இருப்பதற்காகவே எடுக்கப்பட்டது. நிலையத்தில் அசையாதீர்கள் என்ற சொல்லுக்கு இணங்கி, வாழ்நாளில் ஓரிரு முறையே கிடைத்த அந்தக் கணத்துக்காக அவர் தம்மை நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தம் அவர் செய்த செயல்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலனாவதைப் பேசுகிறது. அசைவு உள்ளிருந்து புறத்துக்கு வருகிறது. நெகிழுடலில் அசைவின் தோற்றுவாய் புறத்தே உள்ளது. காற்று, ஈர்ப்பு, இழுப்பு. ஆடைக்கும் மாலைக்கும் கிளைக்கும் அது பொருந்தும், ஏனெனில் அவை உண்மையிலேயே புறவிசையால் அசைவன. முகத்துக்கு அதைப் பொருத்தும்போது உள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று வந்து அமர்கிறது. 2021 பிப்ரவரியில் மைஹெரிட்டேஜ் நிறுவனம் வெளியிட்ட டீப் நாஸ்டால்ஜியா வேறொரு வழியை எடுத்தது. முன்னரே பதிவுசெய்த வேறொருவரின் முக அசைவைப் பழைய படத்தின்மேல் பொருத்துவது அதன் முறை. அங்கே உள்ளம் உண்டு. ஆனால் அது இரவல். இரண்டில் எது குறைந்த தீங்கு என்ற வினாவுக்கு இக்கட்டுரையாளரிடம் உறுதியான விடை இல்லை. இரவல் உள்ளம் நம்பும்படியாக இருப்பதால் அதுவே கூடுதல் கவலை தருகிறது எனலாம். ஆடும் தலையைப் பார்த்துப் பாட்டியின் தங்கையால் எழுந்துபோக முடிந்தது.

காணொளியைத் திருத்தித் தருமாறு கேட்டபோது அதைச் செய்த இளைஞர் வருத்தப்படவில்லை, ஆர்வத்தோடு உட்கார்ந்தார். தலையிலிருந்த அசைவு நீக்கப்பட்டது. கன்னத்திலும் சரட்டிலும் விறைப்பு முழுமையாக ஏற்றப்பட்டது. சேலை முந்தானையின் நுனியில் மட்டும் வலையை விட்டுவைத்து, தணிப்பை உயர்த்தினார். அப்படியானால் படத்தில் என்னதான் ஆடும் என்று ஒருமுறை கேட்டார். நிலையத்துக் கூரையில் அந்தக் காலத்தில் ஒரு மின்விசிறி இருந்திருக்கலாம் என்று சொன்னபோது, காற்றின் திசையை மேலிருந்து கீழாக மாற்றி, எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, முந்தானை அசைகிறதா இல்லையா என்று இருவரும் திரையைக் குனிந்து பார்க்க வேண்டிய அளவில் நிறுத்தினார்.